அந்தரங்க வீடியோ அரட்டைச் செயலி ஒன்று: மூன்று வாரங்கள் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

மாவட்டத் தலைநகர் ஒன்றின் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சிறிய இணைய மையம் நடத்துகிறேன். பட்டா நகல், வருமானச் சான்றிதழ் விண்ணப்பம், மின்கட்டணம், ஜாதகம் அச்சிடுதல் என்று நாள் கழியும் இடம் அது. சென்ற ஆடி மாதத்தில் ஒரே வாரத்தில் இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், கடை காலியாக இருக்கும் மதிய நேரமாகப் பார்த்து வந்து, சைபர் கிரைம் புகார் ஒன்றைப் பதிய வேண்டும் என்றார்கள். ஒருவருக்கு வயது இருபத்தாறு. மற்றவர் பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும் அரசு ஊழியர். இருவரும் சிக்கியது வீடியோ அழைப்பில். இருவரையும் அந்த அழைப்பு வரை கொண்டு சென்றது ஒரே செயலி. புகாரில் நடந்ததை விவரித்து எழுதும் கட்டத்தை நிரப்பும்போது, அந்தச் செயலிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது எனக்கே தெரியவில்லை என்பதை உணர்ந்தேன். ஆகவே பழைய கைபேசி ஒன்றில் புதிய சிம் அட்டையைப் போட்டு, தொடர்பு எண்களில் என் கடை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று வாரங்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டு இதே பொருள் பல கடைகளில் கிடைக்கிறது என்பதால், பெயரைச் சொல்லி ஒன்றைத் தவிர்க்கச் செய்வதில் பெரிய பயனும் இல்லை.

கூகுள் பிளே ஸ்டோரின் விதிகள் பாலியல் உள்ளடக்கம் கொண்ட செயலிகளை அனுமதிப்பதில்லை. அதனால் இவை அனைத்தும் 'புதிய நண்பர்கள்', 'உலகெங்கும் உரையாடல்' என்ற பெயர்ப்பலகையோடுதான் அங்கே நிற்கின்றன. உள்ளே நுழைந்த பிறகே கடை எதை விற்கிறது என்பது தெரியும். வயதைக் கேட்கும் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், நீங்கள் பெரியவர் ஆகிவிடுகிறீர்கள். அடுத்து இருப்பிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள், ஒலிவாங்கி, கேமரா ஆகிய ஐந்துக்கும் வரிசையாக அனுமதி கேட்டது. முதல் மூன்றையும் மறுத்தேன். செயலி எந்தத் தடங்கலும் இன்றி ஓடியது. தேவையில்லாத ஒன்றை ஏன் கேட்டார்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: ஆண்ட்ராய்டு 12 முதல், கேமரா இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். யாரோடும் பேசாமல், வெறும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவுடன் மேசை இழுப்பறையில் இருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து முன்கேமராவின் மேல் ஒட்டினேன். பயத்தில் செய்த காரியம்தான் அது. ஆனால் மூன்று வாரங்களில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சோதனைக் கருவி அந்த டேப்புத் துண்டுதான் என்று பின்னால் தெரிந்தது.

கணக்கு தொடங்கி, புகைப்படம் எதையும் ஏற்றாத நிலையிலேயே, முதல் பத்து நிமிடங்களுக்குள் ஒன்பது பெண்களிடமிருந்து வீடியோ அழைப்புகள் வந்தன. எடுத்தால் பத்து விநாடி இலவசம். அதற்குப் பிறகு காயின் வாங்க வேண்டும். மிகச் சிறிய பொட்டலத்தின் விலை 89 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு ஓர் அழைப்பை எடுத்தேன். நீல நிறச் சுவர், அதில் ஒரு நாட்காட்டி, ஓரத்தில் சுழலும் மேசை மின்விசிறி. அந்தப் பெண் கையசைத்தார், கூந்தலை இடது தோளிலிருந்து பின்னால் தள்ளினார், சிரித்தார். ஒலி வரவில்லை; 'மைக் பிரச்சினை' என்று எழுத்தில் வந்தது. எந்த ஊர் என்று தமிழில் எழுதிக் கேட்டேன். 'ஆமாம் டியர்' என்று பதில் வந்தது. கூடவே, நான் மிகவும் அழகாக இருப்பதாகவும் எழுதினார். என் கேமராவின் மேல் டேப் ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது வெறும் கறுப்புத் திரை. இருட்டில் இருக்கும்போது நான் அழகாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கண்டு சொல்ல யாரும் மறுமுனையில் இல்லை என்பதுதான் அந்தப் பாராட்டிலிருந்து எனக்குப் புரிந்தது. நான்கு நாட்கள் கழித்து வேறு பெயரில், வேறு ஊர் குறிப்பிட்ட கணக்கிலிருந்து அதே நீலச் சுவர் வந்தது. இம்முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: பதினான்காம் விநாடியில் கூந்தல் இடது தோளிலிருந்து பின்னால் போயிற்று.

இதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம். கேமராவின் இடத்தில், முன்பே பதிவுசெய்த காணொளியை நேரடிக் காட்சிபோல் அனுப்பும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாக இலவசமாகவே கிடைக்கின்றன. விளையாட்டை நேரலையில் ஒளிபரப்புகிறவர்கள் நியாயமான காரணத்துக்காக அன்றாடம் பயன்படுத்துபவை அவை. முகத்தை மாற்றிக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. இரண்டையும் தடுமாற வைப்பதற்கு எதிர்பாராத சிறு வேண்டுகோள் ஒன்று உதவும்: வலது கையால் இடது காதைத் தொடச் சொல்வது, முகத்தின் குறுக்கே விரல்களை மெல்ல நகர்த்தச் சொல்வது, அன்றைய கிழமையைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்வது. நான் கேட்டபோதெல்லாம் பதிவுக் காணொளிகள் அழைப்பைத் துண்டித்தன. முகமாற்றுக் கருவிகள் நாளுக்கு நாள் தேறிவருவதால், இந்தச் சோதனையில் தேறியவர் எல்லாரும் உண்மையானவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோற்றவர் பெரும்பாலும் போலி என்று மட்டும் சொல்லலாம்.

போலிப் பெண்களைக் காட்டி ஆண்களிடம் காசு கறப்பது இந்தியச் சரக்கும் அல்ல, புதிய சரக்கும் அல்ல. திருமணம் தாண்டிய உறவுகளுக்கென்றே நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் என்ற தளம் 2015 இல் ஊடுருவப்பட்டு, கோடிக்கணக்கானோரின் விவரங்கள் வெளியானபோது, பெண்களின் பெயரில் ஆண்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவற்றில் பல கணினி நிரல்கள் என்பதும் வெளிவந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் அந்த நிறுவனம் 2016 டிசம்பரில் 16 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. அங்கே எழுத்தாக வந்த போலிப்பெண் இங்கே நீலச் சுவருக்கு முன்னால் கையசைக்கிறாள், அவ்வளவுதான் வேறுபாடு.

செயலியில் உண்மையான மனிதர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். இரண்டாவது வாரத்தில், முகத்தின் பாதியைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பேசிய ஒருவர் நான் கேட்டதற்கெல்லாம் இயல்பாகப் பதில் சொன்னார். என் பக்கம் கறுப்பாகத் தெரிகிறதே என்று ஒருமுறை சொன்னார். கேமரா பழுது என்றேன். சரி என்று விட்டுவிட்டார். நான் எதற்காக இதைப் பயன்படுத்துகிறேன் என்று மறைக்காமல் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் வேலையைப் பற்றிச் சொன்னார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதில் ஒரு பங்கு செயலிக்கு, ஒரு பங்கு அவரைச் சேர்த்துவிட்ட ஏஜென்சிக்கு, மிச்சம் அவருக்கு. "வாட்ஸ்அப் நம்பர் கேட்டா எங்க ஐடியையே பிளாக் பண்ணிடுவாங்கண்ணா. வெளிய வந்து பேசினா எனக்கு என்ன கிடைக்கும்?" என்றார்.

அந்தக் கேள்வியை அன்று இரவு முழுவதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்குக் காசு வாங்குகிறவருக்கு உரையாடல் நீண்டால்தான் வரும்படி. அவர் உங்களைச் செயலிக்குள்ளேயே வைத்திருப்பார், ஊர்க்கதை பேசுவார், மழை பெய்கிறதா என்று கேட்பார். ஐந்தே நிமிடத்தில் வாட்ஸ்அப் எண்ணைக் கேட்கிறவருக்கோ, இந்தச் செயலி தரும் நிமிடக்காசு ஒரு பொருட்டே அல்ல. அவருடைய வரும்படி வேறு எங்கோ இருக்கிறது. அந்த அவசரத்தை, முகப்படத்தைப் பார்த்தும் நீல நிற 'சரிபார்க்கப்பட்டது' டிக்கைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. டிக் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சோதித்துப் பார்த்தேன்: டேப்பை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு ஒரே ஒரு செல்ஃபியை அனுப்பியதும் கிடைத்துவிட்டது. பிறகு கைபேசியை என் வயதுடைய நண்பர் ஒருவரிடம் இரண்டு நாட்கள் கொடுத்தேன். அவர் என் கணக்கில், என் டிக்குடன், தன் முகத்தோடு தடையின்றி உலாவினார்.

மூன்றாவது வகையினரை அடையாளம் காட்டியதும் டேப்தான். பேச்சு தொடங்கிய சில நிமிடங்களிலேயே அழகிய படம் கொண்ட ஒரு கணக்கு, செயலியில் காயின் வீணாகிறது, வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்றது. புதிய எண்ணைக் கொடுத்தேன். உடனே காணொளி அழைப்பு வந்தது; ஒரு பெண் தெரிந்தார், ஆனால் அதே ஊமைப் படம்தான். எழுத்தில் வந்த செய்திகள் மட்டும் மாறியிருந்தன. 'முகம் தெரியவில்லை.' 'வெளிச்சத்துக்கு வாருங்கள்.' 'முகத்தையும் உடம்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.' கேமரா பழுது என்று எழுதியதும் அழைப்பு நின்றது. அரை மணி நேரம் கழித்து, கேமராவைச் சரிசெய்துவிட்டீர்களா என்று மறுபடி கேட்டார்கள். மூன்று வாரங்களில் என் முகத்தின் மேல் உண்மையான அக்கறை காட்டியவர்கள் இவர்கள் மட்டும்தான். பதிவுக் காணொளி என்னைப் பார்க்கவே இல்லை. வேலை செய்கிறவர் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. மிரட்டுகிறவருக்கோ முகம் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. அவர் திரையைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். அந்தப் பதிவில் உங்கள் முகமும் உங்கள் ஆடையற்ற உடலும் ஒரே சட்டகத்தில் பத்து, இருபது விநாடி இருந்தால் அவருக்குப் போதும்.

என் கடைக்கு வந்த அரசு ஊழியர் விஷயத்தில் அது இருபத்திரண்டு விநாடி. அழைப்பு முடிந்த ஏழாம் நிமிடத்தில் அந்தக் காணொளித் துண்டும், அவருடைய முகநூல் நண்பர் பட்டியலின் படமும் சேர்ந்து வந்தன. மைத்துனியின் பெயருக்கும் அலுவலகக் கண்காணிப்பாளரின் பெயருக்கும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். முதலில் 5,000 ரூபாய் அனுப்பினார். அழித்துவிட்டோம் என்று சொல்லி, அழிப்பதுபோல் ஒரு திரைப்பதிவையும் அனுப்பினார்கள். மறுநாள் 12,000. அதற்கு மறுநாள் காலை சீருடைப் படம் வைத்த எண்ணிலிருந்து, டெல்லி குற்றப்பிரிவு என்று ஒருவர் இந்தியில் பேசினார்: உங்கள் காணொளி யூடியூபில் ஏறுவதாகத் தகவல் வந்திருக்கிறது, தடுக்க வேண்டுமானால் இந்த எண்ணைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார். அந்த எண்ணில் இருந்த யூடியூப் அதிகாரி 21,000 கேட்டார். சிலரிடம் இதற்கும் மேலே போய், அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்று சொல்வதும் உண்டு. பெண், காவலர், அதிகாரி என மூவரும் ஒரே கும்பல்தான். காவல்துறை பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் பேசாது. யூடியூப் யாருக்கும் தொலைபேசியில் அழைத்துக் காணொளியை நீக்குவதற்குக் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அந்த மூன்றாம் நாளில் தூக்கமின்றி இருக்கும் மனிதருக்கு இதைச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

இந்தத் தொழில் ஊர் ஊராக நடத்தப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் மாவட்டங்களை உள்ளடக்கிய மேவாத் பகுதியின் பெயர் இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா காவல்துறை சுமார் 5,000 காவலர்களைத் திரட்டி நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. வெளிநாட்டிலும் இதே கதைதான்: அமெரிக்க ஆண்களைக் குறிவைத்த நைஜீரியக் கும்பல்களின் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை நீக்கியதாக மெட்டா நிறுவனம் 2024 ஜூலையில் அறிவித்தது. இவற்றை என் வாடிக்கையாளரிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. தன்னை ஒருத்தி தனியாகப் பார்த்துப் பழிவாங்குகிறாள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தான் அவர்களுக்கு அன்றைய பட்டியலில் ஒரு வரி மட்டுமே, பணம் வராது என்று உறுதியானால் பெரும்பாலும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செயலியின் புகார்ப் பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் மதிப்புரை முழுமையாகாது. மொத்தம் பதினொரு கணக்குகளை, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, காரணம் எழுதிப் புகார் செய்தேன். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை' என்ற ஒரே வாசகம் பதினொரு முறை வந்தது. ஒரு வாரம் கழித்துத் தேடினேன். எட்டுக் கணக்குகள் அப்படியே இருந்தன, நீலச் சுவர் உட்பட. குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிட வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. இந்தச் செயலியில் அந்தப் பக்கத்தைத் தொட்டால் மீண்டும் முகப்புக்கே வந்து நிற்கிறது. காயின் கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி, வாங்கும் பொத்தானுக்குக் கீழே வெளிர் சாம்பல் எழுத்தில் இருந்தது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய் நானே அதை நிறுத்தினேன். செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. மேலும், வயதைச் சரிபார்க்க அட்டை எண் கேட்கும் வெளி இணைப்பு ஒன்றும், 'தனி அறைச் செயலி' என்ற பெயரில், செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றும் எனக்கு அனுப்பப்பட்டன. இரண்டையும் திறக்கவில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் அத்தகைய கோப்பை நிறுவி, கேட்ட அனுமதிகளைக் கொடுத்தால், தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அவற்றின் வழியே வங்கியின் ஓடிபி எல்லாமே போகும்.

ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தருகிறேன். அந்த அரை மதிப்பெண் துப்பட்டா அணிந்து பேசிய பெண்ணுக்கு உரியது.

செயலி கைவிட்ட இடத்தில் வேறு சேவைகள் இருக்கின்றன; அவற்றை என் வாடிக்கையாளர்கள் இருவருக்காகவும் பயன்படுத்திய அனுபவத்தில் இங்கே எடைபோடுகிறேன். முதலாவது, இணையப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கான 1930 என்ற தேசிய உதவி எண். 2021 இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பின்னர் நினைவில் நிற்கும்படி நான்கு இலக்கமாக மாற்றப்பட்டது. பணம் போன பிறகுதான் இதன் அருமை தெரியும்: புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் தொகையை முடக்க முடியும். கும்பல்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் நகர்த்துகின்றன. எனவே அழைப்பதற்கு முன், பணம் போன நேரம், தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழைப்பது நல்லது. தேடிக்கொண்டே பேசினால் நேரம் போகும். அரசு ஊழியர் வந்தது மூன்றாம் தவணை அனுப்பிய இரண்டு மணி நேரத்துக்குள் என்பதால், அதில் ஒரு பகுதி முடக்கப்பட்டது. முதல் இரண்டு தவணைகள் போனது போனதுதான். வங்கியில் கேட்டால் திரும்பக் கிடைக்காதா என்று கேட்டார். நம் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது உண்மை. ஆனால் இங்கே பின் எண்ணை அடித்து அனுப்பியவர் அவரேதான்.

இரண்டாவது, உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமல் புகார் செய்யும் வழி இதில் உண்டு. என் வாடிக்கையாளர்களைப் போன்ற ஆண்களின் புகாருக்குப் பெயரும் கைபேசி எண்ணும் தேவை. இருவருமே அந்த இடத்தில் தயங்கி நின்றார்கள். தானும் ஆபாசக் குற்றவாளி ஆகிவிடுவோமோ என்பதுதான் அச்சம். மிரட்டுகிறவர்கள் இந்த அச்சத்தை வளர்த்தே காசு பார்க்கிறார்கள். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படமெடுத்துப் பரப்புவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 இ பிரிவும், பாலியல் செயலைக் காட்டும் காட்சியை வெளியிடுவதை 67 ஏ பிரிவும், மிரட்டிப் பணம் பறிப்பதை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308 ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன. பிரிவு எண்களைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஜாதகம் வாங்க வருகிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் நம் ஊரில் பலர் கேள்விப்படாதது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்பது, சம்மதமின்றி அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க, பிரிட்டனில் உள்ள எஸ்டபிள்யூஜிஎஃப்எல் அறக்கட்டளையின் உதவி மையம் 2021 டிசம்பரில் தொடங்கிய இலவசச் சேவை. பதினெட்டு வயது நிறைந்தவர், தன் அந்தரங்கப் படத்தையோ காணொளியையோ தன் கைபேசியிலிருந்து அந்தத் தளத்தில் தேர்ந்தெடுத்தால், கோப்பு எங்கும் பதிவேறுவதில்லை. அந்தக் கைபேசியிலேயே அதற்கு 'ஹேஷ்' எனப்படும் எண்கோவை ஒன்று உருவாகி, அது மட்டுமே வெளியே போகிறது. ஒருவருடைய கைரேகையை வைத்து ஆளை வரைந்துவிட முடியாததைப் போல, அந்த எண்கோவையிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட் போன்ற பங்கேற்கும் தளங்கள், யாராவது அதே கோப்பை ஏற்றினால் ஒப்பிட்டுப் பார்த்துத் தடுக்கின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களுக்கு, அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் டேக் இட் டவுன் சேவை இதே முறையில் இயங்குகிறது.

குறைகள் உண்டு. மிரட்டுகிறவர் கோப்பை வெட்டியோ, மேலே எழுத்துச் சேர்த்தோ மாற்றிவிட்டால் எண்கோவையும் மாறிவிடும். பங்கேற்காத தளங்களிலும், மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்திகளிலும் இதற்குக் கை எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோப்பு நம்மிடம் இருந்தால்தான் எதையும் செய்ய முடியும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மிரட்டல் வந்தவுடன் அருவருப்பிலும் பதற்றத்திலும் அந்தக் காணொளித் துண்டையும் முழு உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். இருபத்தாறு வயது இளைஞர் அப்படித்தான் செய்திருந்தார். செயலியையும் நீக்கி, சிம் அட்டையையும் உடைத்துவிட்டு வந்தார். புகாரில் இணைக்க அவரிடம் இருந்தது பணம் அனுப்பிய ரசீது ஒன்று மட்டுமே. அரசு ஊழியர் அழிக்கத் தெரியாததால் அழிக்காமல் வைத்திருந்தார். அந்த அறியாமை அவருக்கு இருமுறை உதவியது: எண், நேரம், மிரட்டல் வாசகம் எல்லாம் புகாருக்குச் சான்றாயின, காணொளித் துண்டு எண்கோவை எடுக்கப் பயன்பட்டது.

என் கடைக் கணினியில் அதைச் செய்ய நான் சம்மதிக்கவில்லை. பலர் வந்துபோகும் கணினியில் அந்தக் கோப்பு ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது என்பதால், அவருடைய கைபேசியிலேயே, அவர் கையாலேயே செய்யச் சொன்னேன்; நான் திரும்பி உட்கார்ந்து வழிகாட்டினேன். முன்னதாக, முகநூல் நண்பர் பட்டியலை 'நான் மட்டும்' என்று மாற்றச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அறிமுகமற்ற அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் அமைப்பை இயக்கச் சொன்னேன். சான்றுகளைப் படமெடுத்து வைத்த பிறகே அந்த எண்களைத் தடைசெய்யச் சொன்னேன். ஓர் ஆளிடமாவது வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம் பாதி மழுங்கிவிடும் என்றபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். தூக்கம் வரவில்லை, தப்பான எண்ணமெல்லாம் வருகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அரசின் மனநல உதவி எண்ணான 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை என்று சொல்லி, அவர் எதிரிலேயே சேமித்துக் கொடுத்தேன். பெயர் என்ன போடுவது என்று கேட்டேன். 'டாக்டர்' என்று போடச் சொன்னார்.

ஸ்டாப் என்சிஐஐ தளம் கடைசியில் ஒரு வழக்கு எண்ணைக் கொடுத்து, ஒரு பின் எண்ணையும் நம்மையே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டும் தொலைந்தால் வழக்கின் நிலையைப் பிறகு பார்க்க முடியாது. கைபேசியில் வைத்தால் மகள் பார்ப்பாள், பர்ஸில் வைத்தால் மனைவி எடுப்பாள் என்று தயங்கினார். என் கணக்கு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். அன்றைய தேதிக்குக் கீழே, 'ஜாதகம் அச்சு, இரண்டு பக்கம், 20 ரூபாய்' என்ற வரிக்கு அடுத்து அந்த வழக்கு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன். பின் எண்ணை எழுத வேண்டாம் என்றார். தன் முதல் சம்பளத் தொகையையே பின் எண்ணாக வைத்திருப்பதாகவும், அதை மறக்கமாட்டார் என்றும் சொல்லிவிட்டு, அந்த 20 ரூபாயையும் கொடுத்துவிட்டுப் போனார்.